பாப்பாவுக்கு, நான் செய்த சுஷியைப் பற்றி

பாப்பா,

நீ போய்ச் சேர்ந்துவிட்டதாகப் புதன்கிழமை மெசேஜ் வந்தது. பார்த்தேன், கைகூப்புகிற படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். போனில் நமக்குள் அதற்கு மேல் ஓடாது. நான் சாப்பிட்டாயா என்பேன், நீ ஆச்சுப்பா என்பாய், அப்புறம் யார் முதலில் வைப்பது என்று இரண்டு பேரும் காத்துக்கொண்டிருப்போம். அதனால்தான் இந்த அறுபத்தெட்டு வயதில் நீளமாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். திண்டிவனம் தபால் ஆபீசில் ஜப்பானுக்குத் தபால் எடுக்கிறார்களா என்று விசாரித்தும் விட்டேன், எடுக்கிறார்கள். உன் கல்யாணத்துக்கு வாழ்த்து எழுதத்தான் பேனாவை எடுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் உனக்குச் செய்து வைத்த சுஷியைத் தவிர வேறெதுவும் எழுத வரவில்லை. அதைச் சாப்பிடும்போது நீ என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாய். அதை எழுதி முடித்தால்தான் மற்றது வரும் போலிருக்கிறது.

முதலில் என் திமிரைச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி விழுப்புரம் ஓரத்து ரைஸ்மில்லில் முப்பத்தேழு வருஷம் நெல் அவித்தவன் நான். இரண்டு விரலில் அரிசியைத் தேய்த்துப் பார்த்து அது எத்தனை மாதத்து நெல் என்று சொல்லுவேன். கல்யாணத்துக்கு அரிசி எடுக்கிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். நம் வீட்டுக்குள் புது அரிசி வந்ததே இல்லை, அது குழைந்துவிடும். சோறு வடித்தால் ஒரு பருக்கை இன்னொரு பருக்கையோடு பேசக் கூடாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ ஜப்பானில் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் போனில் சொன்னாய்: “இங்க ஒரு தாத்தாவுக்கு நான் ஆக்குற சோறுதான் புடிக்குதுப்பா. ஒட்டிக்கினு இருந்தா இங்க யாரும் தப்பு சொல்றதில்ல.” அதற்கு நான், அதெல்லாம் ஒரு சோறா என்று கேட்டேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் சிரிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டரை மாதத்துக்கு முன்னால் நீ போன் பண்ணினாய். அங்கே உன்னோடு வேலை செய்கிற கென்டா என்கிற பிள்ளையைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறேன் என்றாய். என் மகளுக்கு இதுவரை கல்யாணம் ஆகவில்லை, இந்தக் கல்யாணத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நான் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்ட பத்திரம் ஒன்று வேண்டும் என்றும் சொன்னாய். கூரியரில் அனுப்பினால் போதும் என்று மூன்று தடவை சொன்னாய். பாப்பா, நீ சொல்லி முடிப்பதற்குள் நான் சரி என்று தீர்மானித்துவிட்டேன். சாதி, ஊர், பாஷை எதுவும் மனசில் வரவில்லை. உங்கம்மா போய் எட்டு வருஷம் ஆகிறது, நீ இந்த வீட்டுக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது, அந்தக் கணக்குதான் வந்தது. வாயில் வந்ததோ வேறு. “நேர்ல வா, பாக்கலாம்” என்றேன். அப்புறம், “சரிப்பா, வர்றேன்” என்றாய்.

உன்னை வரவழைக்கச் செய்த தந்திரம் அது. நான் பிடிவாதம் பிடிக்கப் போகிறேன் என்று பயந்துதான் நீ டிக்கெட் போட்டாய். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று நாள் சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் உனக்குச் சுஷி செய்து போட வேண்டும் என்று தோன்றியது. உன் சோற்றை மட்டமாகப் பேசிய வாய்க்கு அது ஒரு பரிகாரமாக இருக்கும் என்று நினைத்தேன். நேராக உன்னிடம் மன்னிப்புக் கேட்பதைவிடச் சோற்றைச் சுருட்டுவது சுலபமாகப் பட்டது.

மில்லில் என்னோடு இருந்தவரின் மருமகள் சுகுணா, குயிலாப்பாளையத்தில் இருக்கிறாள். ஆரோவில்லில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற ஒரு விடுதியில் சமையல் வேலை. பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறி, திருச்சிற்றம்பலம் கூட்டு ரோட்டில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். “இன்னா மாமா, சுஷியா? நீங்களா?” என்றாள். பொண்ணு வருது, அது அங்க இதைத்தான் துன்னுது என்றேன். “அங்க தெனம் துன்றத இங்க வந்தும் துன்னணுமா? ஒரு மீன் கொழம்பு வச்சிக் குடுங்க, அள்ளிக்கினு துன்னும்” என்றாள். எவ்வளவு சரியாகச் சொன்னாள் பார். எனக்கு அப்போது காதில் ஏறவில்லை. நான்தான் ஒன்றை நினைத்தால் அதுதான் என்று நிற்கிறவனாயிற்றே.

அவள் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். அரிசியைத் தண்ணீர் தெளிகிற வரைக்கும் கழுவ வேண்டும், அரை மணி ஊற வைக்க வேண்டும், அளந்த தண்ணீரில் மூடிபோட்டுச் சிறு தீயில் வேக வைக்க வேண்டும். அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மோட்டார் போடப் போனாள். நான் மூடியைத் திறந்தேன். மேலே கொஞ்சம் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்துப் பழகிய கண், கை சும்மா இருக்குமா? துணியைப் பிடித்துப் பானையைச் சாய்த்துக் கஞ்சியை வடித்துவிட்டேன். சுகுணா திரும்பி வந்தவள் அப்படியே நின்றாள். “இன்னா மாமா பண்ணிக்கினு கீறீங்க?” “சோறு வடிக்கிறேன்.” “இத வடிக்கவே கூடாது மாமா. அந்தப் பசைக்குத்தான இவ்ளோ பாடு.” முப்பத்தேழு வருஷ அனுபவம் அந்த வாஷ்பேசின் ஓட்டையில் போயிற்று. அவள் சிரித்துவிட்டு இன்னொரு தடவை அரிசி போட்டாள்.

வெந்த சோற்றில் வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீரைத் தெளித்து, அகப்பையால் வெட்டி வெட்டிப் புரட்டி, விசிறியால் விசிறி ஆற விட வேண்டும். பிசையக் கூடாது. கடல்பாசியில் செய்த கறுப்புத் தாள் ஒன்று இருக்கிறதே, அதன் மேல் ஈரக் கையால் சோற்றைப் பரப்பி, வெள்ளரிக்காயும் முட்டையும் நீளமாக வெட்டி வைத்து, குட்டி மூங்கில் பாயால் சுருட்ட வேண்டும். நான் சுருட்டியது போர்வைக்குள் ஆள் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. “அமுக்காதீங்க மாமா. தொட்டும் தொடாத மாதிரி புடிங்க” என்று அவள் பத்து தடவை சொல்லியிருப்பாள். மீனுக்கு மரக்காணம் போய் வஞ்சிரம் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். “ஐஸ் பொட்டியில கெடந்த மீன பச்சையா குடுத்துப் பொண்ண ஆஸ்பத்திரியில சேக்கப் போறீங்களா” என்றாள். அதோடு மீன் பேச்சை விட்டேன்.

தாளும் பாயும் வினிகரும் அங்கேயே ஒரு கடையில் வாங்கிக்கொண்டு வந்தேன். ஜப்பான் அரிசியும் இருந்தது, ஆனால் நான்தான் அரிசி தெரிந்தவனாயிற்றே, அதை வாங்க மனசு வரவில்லை. அறுத்து ஒரு மாதம் ஆன பச்சரிசியை மில்லிலிருந்து எடுத்து வந்தேன். இத்தனை வருஷம் வாசற்படி ஏறவிடாத புது அரிசி. ஒட்ட வேண்டும் என்றால் அதுதான் ஒட்டும். வாரத்துக்கு இரண்டு நாள் செய்து பார்த்தேன். ஒரு நாள் கூழ், ஒரு நாள் விதை விதையாக நடு வேகாமல், ஒரு நாள் வினிகர் அதிகமாகித் தொண்டை எரிந்தது. கெட்டுப்போனதை எல்லாம் நானே சாப்பிட்டேன். ஒரு மனுஷனுக்குச் சோறு ஆக்கத் தெரிய எவ்வளவு நாள் ஆகும் என்று அப்போதுதான் தெரிந்தது. சோற்றைக் குறை சொல்லத் தெரிவதும் ஆக்கத் தெரிவதும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன் பார்.

நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, கையை நனைக்க மறந்துவிட்டேன். உள்ளங்கை முழுக்கச் சோறு அப்பிக்கொண்டது. எரிச்சலில் கையை உதறினேன். ஒரு கவளம் போய் அடுப்படிச் சுவரில் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். உனக்கு நான் சொல்லாமலே தெரிந்திருக்கும், எதை நினைத்தேன் என்று.

நீ எட்டாவது படித்தாய். உங்கம்மாவுக்கு விழுப்புரத்தில் கர்ப்பப்பை ஆபரேஷன், பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஸ்கூல் லீவு நாளில் நீயே சோறு ஆக்கி வைத்திருந்தாய். மில்லில் பாய்லர் பேஜாரு பண்ணி நான் மூன்று மணிக்குப் பசியோடு வந்தேன். தட்டில் கை வைத்தேன், குழைந்திருந்தது. “ரைஸ்மில்லுல வேல செய்றவன் வூட்டுல இதான் சோறா? கோழி கூடத் துன்னாது” என்று தட்டைச் சுவரில் விட்டெறிந்தேன். நீ நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. நீ அழவில்லை. நான் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். வந்தபோது சுவர் துடைத்திருந்தது. நீ என்ன சாப்பிட்டாய் என்று நான் கேட்கவில்லை. ரொம்ப வருஷம் கழித்து உங்கம்மாதான் சொன்னாள்: “தரையில வுழாததைச் சொரண்டி எடுத்துத் துன்னுச்சாம். வேஸ்ட் பண்ணா அதுக்கும் அடிப்பீங்கன்னு.”

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அதற்கப்புறம் நீ சோறு ஆக்கும்போதெல்லாம் நாலு பருக்கையைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு நான் இருக்கிற இடத்துக்கு வருவாய். “பதம் சரியா இருக்காப்பா?” என்று கேட்டு, நான் நசுக்கிப் பார்த்துத் தலையாட்டின பிறகுதான் வடிப்பாய். நான் அதை மில்லில் போய்ப் பெருமையாகச் சொன்னேன். என் பொண்ணு என்னைக் கேட்காமல் பானையை இறக்காது என்று சொன்னேன். நீ பயந்ததை நான் மரியாதை என்று சொல்லிக்கொண்டு அலைந்திருக்கிறேன். தட்டு எறிந்த அந்த ஒரு நாள்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு ஞாபகம் இல்லாத நாள் எத்தனை என்பது உனக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் நினைவுக்கு வந்ததும் நான் சுஷியை விட்டிருக்க வேண்டும். நீ பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அங்கேயே நிறுத்தி, அப்பா தப்பு பண்ணிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். நீ வந்து ஐந்து நாள் இந்த வீட்டில் இருந்தாய். மார்க்கெட் போனாய், உங்கம்மா படத்தைத் துடைத்து மாலை மாற்றினாய், மல்லாட்டைக் கடலை அவித்துக் கொடுத்தாய். நான் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சுஷி பேசிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்குச் சோறு நன்றாகவே வந்தது. உன்னை அடுப்படிப் பக்கம் வரவிடவில்லை. இரண்டு உருளை சுருட்டி, ஈரக் கத்தியால் வெட்டி, சில்வர் தட்டில் எட்டுத் துண்டு அடுக்கிக் கொண்டுவந்து வைத்தேன். நீ “எங்கப்பா கத்துக்கினீங்க?” என்று கேட்டாய். உன் முகத்தில் நிஜமான ஆச்சரியம் இருந்தது, அதை நான் பார்த்தேன், அது மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லாத ஒன்று. ஒரு துண்டை எடுத்தாய். பாதி வழியில் அது பிரிந்துவிட்டது. சோறு உன் மடியிலும் தரையிலும் உதிர்ந்தது. சட்டென்று குனிந்து பருக்கைகளைப் பொறுக்க ஆரம்பித்தாய். பொறுக்கிக்கொண்டே தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாய். அப்புறம் என் வலது கையைப் பார்த்தாய்.

முப்பத்துநாலு வயசு உனக்கு. எண்பது தொண்ணூறு வயதுக் கிழவர்களைத் தூக்கி உட்கார வைத்து ஊட்டுகிறவள். உதிர்ந்தது நான் சுருட்டியது, தப்பு என்னுடையது, பயந்தவள் நீ. “ஸாரிப்பா” என்றாய். எதற்கு ஸாரி என்று நான் கேட்டிருக்கலாம். நீ ஜல்தியாக இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “நல்லா இருக்குப்பா, அங்க கடையில வாங்குறத விட நல்லா இருக்கு” என்றாய். நாலு துண்டு சாப்பிட்டாய். ஒவ்வொன்றுக்கும் நன்றாக இருக்கிறது என்றாய். எனக்கு மனசு பூரித்துப்போயிற்று. அந்தப் பார்வையைப் பார்த்த அதே ஆள்தான், நாலு நல்ல வார்த்தை கேட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினேன்.

அந்தப் பூரிப்பில் எழுந்து போய் பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்து வந்தேன். நீ வருவதற்குப் பதினெட்டு நாளைக்கு முன்னாலேயே கோர்ட் பக்கத்தில் நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டு வைத்தது. நீ வந்த அன்றே கொடுத்திருக்கலாம். சாப்பிட்டு, அப்பா செய்தது நன்றாக இருக்கிறது என்று உன் வாயால் சொன்ன பிறகு கொடுக்க வேண்டும் என்று பீரோவில் வைத்திருந்தேன். நீ கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாய். கடைசியில் முத்திரைக்குக் கீழே தேதியில் உன் கண் நின்றது. “முன்னாடியே போட்டுட்டீங்களாப்பா?” என்றாய். ஆமாம் என்றேன், ஏதோ நல்லது செய்துவிட்ட மாதிரி. நீ ரொம்ப நேரம் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாய். “சரிப்பா” என்று மடித்துப் பைக்குள் வைத்தாய். தட்டில் மூன்று துண்டு மிச்சம் இருந்தது. எடுத்துக்கோ என்றேன். “வயிறு ரொம்பிடுச்சுப்பா” என்றாய்.

சாயங்காலம் பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து நாளும் நீ அந்தக் கையெழுத்துக்காக என் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடந்திருக்கிறாய். மல்லாட்டை அவித்ததும் அதற்குத்தானா? என்னிடம் எதற்குத்தான் நீ பயப்படாமல் இருந்தாய்? என் மகளிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்க நான் பத்திரத்தைப் பிடித்து வைத்திருக்கிறேன். முன்னே தட்டை எறிந்து வாங்கினேன், இப்போது தட்டில் சுஷி வைத்து வாங்கினேன். குணம் மாறிவிட்டது என்று நினைத்தேன், மாறவில்லை பாப்பா, வயசாகிக் கை தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இதைத் திருத்த இனி எனக்கு நாளும் இல்லை, வழியும் தெரியவில்லை.

கென்டாவை நான் போனில்தான் பார்த்தேன், பார்த்தால் சாதுவாகத் தெரிகிறான். நானும் பெண் பார்க்கப் போன அன்று சாதுவாகத்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் உன் வீட்டில் சோறு குழையும், குழம்பு தீயும், ஏதாவது கொட்டும். அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், அன்றைக்கே கிளம்பிவிடு. ஒரே ஒரு நாள்தானே என்று இருக்காதே. உங்கம்மா அப்படித்தான் இருந்தாள். எங்கே போவது என்று யோசிக்காதே, இந்த வீடு இருக்கிறது. நான் இருப்பது உனக்குச் சிரமமாக இருந்தால் நான் மில்லில் வாட்ச்மேன் ரூமில் படுத்துக்கொள்கிறேன், கேட்டால் கொடுப்பார்கள். கல்யாணத்துக்கு ஒரு அப்பா எழுதுகிற புத்தி இதுதானா என்று கேட்காதே. என்னிடம் இருக்கிற ஒரே உருப்படியான புத்தி இதுதான்.

உன்னைக் கேட்க ஒன்றே ஒன்று இருந்தது. அந்தச் சோறு உண்மையில் எப்படி இருந்தது? இரண்டரை மாதம் அதற்காகத்தான் பாடுபட்டேன், அதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும் என்று இருக்கிறது. பத்திரத்தை முதல் நாளே உன் கையில் கொடுத்திருந்தால் நீ வாயில் போட்டதும் சொல்லியிருப்பாய், வினிகர் அதிகம்ப்பா என்றாவது சொல்லியிருப்பாய். அதைச் சொல்ல விடாமல் செய்தவன் நான். இந்தக் கடிதத்துக்குப் பதில் போட வேண்டாம் பாப்பா. போட்டால், நன்றாகத்தான் இருந்தது என்று எழுதுவாய்.

அப்பா